குழந்தைக்கு ஒவ்வாமையா, குழந்தையே ஒவ்வாமையா?

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழுமத்தாருக்கு வணக்கம். பெற்றோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பீடியாட்ரிக் அலர்ஜிஸ்ட் இம்யூனாலஜிஸ்ட், அதாவது பிள்ளைகளின் அலர்ஜியையும் நோயெதிர்ப்புச் சிக்கல்களையும் பார்க்கிற டாக்டர், என்பதற்குக் 'குழந்தை ஒவ்வாமை மருத்துவர்' என்று போட்டேன். மெய்ப்பு பார்த்த அக்கா சிரித்துவிட்டார். பால் ஒவ்வாமை என்றால் பால் சேராதது. குழந்தை ஒவ்வாமை என்றால்? பிள்ளைகளைக் கண்டாலே தும்முகிற டாக்டரா?

இன்னொரு சிக்கலும் உண்டு. வேர்க்கடலை தின்று உதடு வீங்கிய பிள்ளையும் இவரிடம்தான் வருகிறது. கிருமியோடு போராடும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சுரக்காமல் நிமோனியாவில் திரும்பத் திரும்பப் படுக்கிற பிள்ளையும் இவரிடம்தான். முதல் பிள்ளையின் உடல் ஒன்றுமில்லாததற்குச் சண்டைக்குப் போகிறது. இரண்டாவது, எதிரி வீட்டுக்குள் வந்தாலும் எழுந்திருப்பதில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும்.

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, உருபு மறைந்த தொகைச்சொல் என்றால் மயங்கத்தான் செய்யும். 'குழந்தைகளுக்கான' என்று விரித்துவிடுங்கள், தீர்ந்தது. என் குறை 'ஒவ்வாமை' மேல்தான். 'சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்' என்ற குறளில் ஒவ்வாமைக்குச் சமமாகாமை என்றே பொருள். உணவைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர் எடுத்த சொல் வேறு: 'மாறுபாடு இல்லாத உண்டி'.

அலர்ஜி என்ற சொல்லை 1906இல் உண்டாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. சீரம் ஊசி போட்ட பிள்ளைகளுக்கு இரண்டாம் முறை போடும்போது தடிப்பும் காய்ச்சலும் முன்னைவிட விரைவாக வந்ததைக் கவனித்தவர். கிரேக்கத்தில் அல்லோஸ் என்றால் வேறு, எர்கோன் என்றால் செயல். உடல் மாறி வினைபுரிவது நன்மையானாலும் கேடானாலும் அவருக்கு அது அலர்ஜிதான். ஆகவே 'மாறுவினை'. நீங்கள் சொன்ன இரண்டு பிள்ளைகளும் அதற்குள் அடக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, உயிரியல் ஆசிரியை:

ஐயா, எங்கட பாடநூல்களில் இம்யூனிட்டிக்கு, அதாவது நோயெதிர்ப்புக்கு, 'நிர்ப்பீடனம்' நெடுங்காலமாக இருக்கிறது. மாணவர்கள் தடையின்றிச் சொல்கிறார்கள். வடசொல் என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் எதிர்ப்பொருள் என்பதை நாங்கள் 'பிறபொருளெதிரி' என்கிறோம், அது தூய தமிழ்தான். கணக்கு சரியாகிவிட்டது!

தஞ்சையிலிருந்து, கல்வெட்டு ஆர்வலர்:

யாரும் இலத்தீன் பக்கம் போகவில்லையே. இம்யூனிஸ் என்றால் வரியும் ஊர்க்கடமையும் நீங்கியவன். நம் கல்வெட்டுகளில் இறையிலி நிலம் என்று வருகிறதே, அந்த இறையிலிதான்! அந்த வாய்பாட்டில் 'நோயிலி' என்று ஆக்கினால் என்ன? கோயிலுக்கு விட்ட தேவதானம், பிராமணருக்கு விட்ட பிரமதேயம் எல்லாம் எப்படி இறையிலியாயின என்று தனி மடலில் எழுதுகிறேன்.

நெல்லையிலிருந்து, குழந்தை மருத்துவர்:

நோயிலி டாக்டரிடம் நோயாளி எதற்கு வரவேண்டும் அண்ணாச்சி? 'மாறுவினை' மருத்துவர் என்று பலகை வைத்தால் செய்வினை எடுக்கிறவர் என்று நினைத்து எலுமிச்சம்பழத்தோடு வருவார்கள்.

என் அறைக்கு வரும் தாய்மார் சொல்வது 'பால் ஒத்துக்கல' என்பதுதான். அதற்குள் இரண்டு இருக்கிறது. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்தால் வயிறு உப்பும், பேதியாகும். அது அலர்ஜி இல்லை. குடித்த சில நிமிடங்களில் தடித்து, முகம் வீங்கி, மூச்சு இரைத்தால் அது அலர்ஜி, உயிருக்கே ஆபத்தாகலாம். 'ஒவ்வாமை' இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. நான் 'அலர்ஜி' என்றே எழுதச் சொல்வேன். எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு பிசிஜி போன்ற, உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசியே கேடாகலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரிடம் போவது என்று தாய்க்குப் புரிய வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

மதுரையிலிருந்து, மறுபடியும்:

அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். 'குழந்தைகளுக்கான ஒவ்வாமை, நோயெதிர்ப்புக் குறைபாட்டு மருத்துவர்' என்று போட்டு, கீழே சிறிய எழுத்தில் 'அலர்ஜி டாக்டர்' என்றும் சேர்த்துவிட்டேன். டாக்டர் சொன்ன பால் விஷயம் தனிப்பெட்டியாக உள்ளே வருகிறது. நால்வர் சரி என்றார்கள். யாழ்ப்பாணத்து டீச்சர் இன்னும் பதில் தரவில்லை.

சென்னையிலிருந்து:

தம்பி, நோயெதிர்ப்பு தன் உடலையே தாக்குகிற பிள்ளைகளும் அவரிடம்தானே போகிறார்கள்? அது குறைபாடா? நீங்கள் போட்டதில் அவர்களுக்கு இடமில்லை. மாறுவினையில் உண்டு. அடுத்த பதிப்பு எப்போது?