டோஸ்டரில் ஒரு பக்கம் மட்டும் சிவக்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் டோஸ்டரில் ரொட்டியின் ஒரு பக்கம் கருகுகிறது, மறுபக்கம் வெளுத்தே இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறவிட்டு, அடித்தட்டை உருவித் துகள்களையெல்லாம் கொட்டிவிட்டேன். அப்புறம் போட்டு மேலிருந்து பார்த்தால், ஒரு ஓரத்தில் சூடேற்றும் நிக்ரோம் கம்பி சிவக்கவே இல்லை.

கம்பி அறுந்திருந்தால் மாற்றித் தருவார்களா, அப்படி மாற்றியது நீடிக்குமா? வேலை செய்த பொருளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

புதிதுதான் என்றால் 2 துண்டு போதும். தடித்த ரொட்டி நுழையும் அகல வாய், கழற்றக்கூடிய துகள் தட்டு, பாதியில் நிறுத்தும் பொத்தான் வேண்டும். லீவரைக் கீழே பிடித்து நிறுத்துவது மின்காந்தம் என்பதால், கடையில் கரண்ட் இல்லாமல் அழுத்திப் பார்த்து எதுவும் தெரியாது. பல வருடம் உழைத்த மாடல் உங்களிடம் இருந்தால் பெயர் சொல்லுங்கள். 800 வாட்டுக்கும் 1000 வாட்டுக்கும் நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா?