ஜெர்மனியில் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு கொழிஞ்சாம்பாறைக்கே திரும்பினால் சரிப்படுமா?

கேள்வி
பிளஸ் டூ முடித்துவிட்டேன், ஆர்க்கிடெக்சர்தான் என்று முடிவாகிவிட்டது. மாமா ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறார். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் ஃபீஸே கிடையாது, மூன்று வருடத்தில் பேச்சுலர் முடிந்துவிடும், இங்கே எதற்கு ஐந்து வருடம் என்கிறார். எனக்கோ கடைசியில் எங்கள் ஊர்ப்பக்கம் பாலக்காட்டில் சொந்தமாக ஆபீஸ் போட வேண்டும். அப்பா தோட்டத்தை அடமானம் வைக்கவும் தயார் என்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்த அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

கல்பாத்திக்காரி
தம்பி, முதலில் மாமாவின் கணக்கைச் சரிபார். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1500 யூரோ. விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் (மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. பேச்சுலர் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான், அதற்குத் தனியாக ஒரு வருடமாவது போகும்.

பெரிய சிக்கல் திரும்பி வந்த பிறகுதான். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு வைக்கலாம். வெளிநாட்டுப் பட்டம் அவர்கள் ஏற்கும் பட்டியலில் இல்லையென்றால், நம் ஐந்து வருட பி.ஆர்க்குக்குச் சமம்தானா என்று பார்ப்பார்கள். வெறும் மூன்று வருடப் பேச்சுலரோடு வந்தால் அங்கேயே இடிக்கும். பி.ஆர்க்கை இங்கே முடி, பதிவு வாங்கு, மாஸ்டர்ஸுக்கு அங்கே போ. அதுவும் ஆங்கிலத்திலேயே கிடைக்கும்.

வேலந்தாவளம்
ஒரு திருத்தம். வீடு டிசைன் செய்யவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, பதிவில்லாமல் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளத்தான் தடை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் பஞ்சாயத்தில் ஆர்க்கிடெக்டாகப் பிளானில் கையெழுத்துப் போடப் பதிவு வேண்டும், அதனால் அக்கா சொன்னதுதான் சரி.

நான் அங்கே மாஸ்டர்ஸ் படித்துவிட்டு ஊருக்கு வந்தவன். மர வேலை நுணுக்கம், வெப்பம் உள்ளே வராமல் தடுக்கும் கணக்கு, ஒரு டீடெயிலை ஒன்றுக்கு ஒன்று அளவில் வரைந்து பார்க்கும் பழக்கம், இதெல்லாம் அங்கே நன்றாக ஏறும். நம் கிழக்குச் சித்தூரின் கரிசல் மண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, சாதாரண அஸ்திவாரமாக இருந்தால் சுவரிலேயே விரிசல் விழவைக்கும் மண். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இங்கே ஒரு மேஸ்திரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதும் அப்படித்தான். இதையெல்லாம் ஓரளவு தெரிந்துகொண்டு போனால் அங்கே என்ன கேட்க வேண்டும் என்று புரியும்.

இன்னொன்று, படிப்பு முடிந்தால் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். கிடைத்தால் சில வருடம் இருந்து கடனை அடைத்துவிட்டு வா. கடனோடு ஊரில் ஆபீஸ் திறந்தால் வருகிற எலிவேஷன் (வீட்டு முகப்பை மட்டும் அலங்கரிக்கும்) வேலையையெல்லாம் வாய்மூடிச் செய்ய வேண்டிவரும்.

பாறசாலை
வெளிநாடே எதற்கு என்று கேட்கிறேன். இங்கிலாந்தின் பர்மிங்காமில் படித்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் இங்கே வந்து நம் செங்கலையும் ஓடுகளையும் வைத்துத்தான் பேர் வாங்கினார். செங்கலை நிறுத்திவைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் அவருடைய சுவரில் கால்வாசிச் செங்கல் மிச்சம், வெயிலும் குறைவாக இறங்கும். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய சி.டி.எஸ். (வளர்ச்சி ஆய்வு மையம்) வளாகத்தை ஒருநாள் சுற்றிப் பார்.

கல்பாத்திக்காரி
பேக்கரே வெளிநாட்டில் படித்தவர்தானே, நல்ல உதாரணம் பிடித்தீர்கள் :) ஆர்க்கிடெக்ட் சார்லஸ் கொரியாவும் அமெரிக்காவில் மிச்சிகனிலும் எம்.ஐ.டி.யிலும் படித்துவிட்டு பம்பாய்க்குத் திரும்பியவர்தான். போகாதே என்று யாரும் சொல்லவில்லை, எப்போது என்பதுதான் பேச்சு.

கேள்வி கேட்டவர்
நன்றி. நாட்டா (பி.ஆர்க் நுழைவுத் தேர்வு) எழுதிவிடுகிறேன், மேத்ஸும் ஃபிசிக்ஸும் இருக்கிறது. மாமாவிடம் யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வேலந்தாவளம்
அந்த 1500 யூரோவை அப்பாவிடம் சொல்லு. மாமாவை அவர் பார்த்துக்கொள்வார்.