பிற்பகல் 2.30 அதிகாலை 2.30 ஆகிறது, மார்ச் 5 மே 3 ஆகிறது: அப்டேட்டில் நேர வடிவம்

புதுநிரலன்:
சி ஷார்ப் நிரல்மொழியில் வருகைப் பதிவு மென்பொருள் ஒன்று எழுதி வருகிறேன். தரவுத்தளம் எஸ்கியூஎல் சர்வர். 'கடைசியாகத் திருத்திய நேரம்' என்ற நெடுவரிசையின் வகை, தேதியையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் டேட்டைம். நேரத்தை டூஸ்ட்ரிங் மூலம் எழுத்தாக்கி, பதிவைத் திருத்தும் அப்டேட் வாக்கியத்தில் ஒட்டுகிறேன்: ஆண்டு-மாதம்-நாள், பிறகு மணி:நிமிடம்:நொடி. மணிக்குச் சிறிய எழுத்து எச் இரண்டு.

பிற்பகல் 2.30க்குச் சேமித்தது 02:30 என்று நிற்கிறது. அதைவிட மோசம், என் கணினியில் மார்ச் 5 ஒழுங்காக ஏறுகிறது; வாடிக்கையாளரின் சர்வரில் அதுவே மே 3 ஆகிவிடுகிறது. 13ஆம் தேதி முதல் பிழைச் செய்திதான். இரு கணினிகளிலும் விண்டோஸ் தேதி அமைப்பை ஒன்றாக்கியும் பலனில்லை. எந்த வடிவத்தை வைத்தால் எங்கும் செல்லும்?

அரைப்புள்ளி:
மணிக்குப் பெரிய எழுத்து எச் போடுங்கள். சிறியது 12 மணிக் கணக்கு, பெரியது 24 மணிக் கணக்கு. எம் எழுத்தையும் பாருங்கள்: பெரியது மாதம், சிறியது நிமிடம். மாறிப்போனால் மார்ச் மாதம் முழுக்க எல்லா நேரத்திலும் நிமிடம் 03 என்றே நிற்கும்.

பழைய அட்டவணை:
அது முதல் தொல்லைக்கு மட்டும் மருந்து. மே 3 விவகாரத்துக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் நிரல் எந்த லாகினில் (தரவுத்தளப் பயனர் கணக்கில்) நுழைகிறதோ, அதன் இயல்பு மொழியைத்தான் சர்வர் பார்க்கும். பிரிட்டிஷ் ஆங்கிலம் என்றால், ஆண்டு முன்னால் நின்றாலும், டேட்டைம் வகைக்கு 2024-03-05 என்பதை ஆண்டு-நாள்-மாதம் என்றே படிக்கும். அதே லாகினில், அதன் அமைப்புகளைக் காட்டும் டிபிசிசி யூசர்ஆப்ஷன்ஸ் கட்டளையை ஓட்டுங்கள். டேட்ஃபார்மேட் வரியில் டிஎம்ஒய், அதாவது நாள்-மாதம்-ஆண்டு, இருக்கும், பந்தயமே கட்டலாம்.

எழுத்தாகத்தான் அனுப்புவேன் என்று அடம்பிடித்தால், கோடில்லாமல் 20240305 14:30:00 என்று அனுப்புங்கள். எந்த மொழி லாகினும் ஒரே மாதிரி படிக்கும். கூடவே டூஸ்ட்ரிங்குக்கு, எந்த நாட்டு அமைப்பையும் சாராத இன்வேரியன்ட்கல்ச்சர் கொடுங்கள். இல்லையென்றால் ஃபின்னிஷ் அமைப்புள்ள கணினியில் அந்த முக்காற்புள்ளிகூடப் புள்ளியாகிவிடும்.

ஆனால் எதற்கு இந்த வம்பு? நிரலில் அது நேரமாகவே இருக்கிறது, தரவுத்தளத்திலும் நேரமாகவே இருக்கிறது. நடுவழியில் மட்டும் எழுத்து வேடம் போட்டு அனுப்பிவிட்டு, வேடம் கலைந்ததும் ஆள் மாறிவிட்டான் என்று புலம்புகிறோம். பாராமீட்டராக, அதாவது வாக்கியத்தில் ஒட்டாமல் தனி மதிப்பாக, அனுப்புங்கள், வடிவம் என்ற பேச்சே எழாது. உள்ளீட்டின் வழியே யாராவது கட்டளையை நுழைக்கும் இன்ஜெக்‌ஷன் அபாயமும் ஒழியும். டூஸ்ட்ரிங் திரையில் காட்டுவதற்கு.

புதுநிரலன்:
டிஎம்ஒய்தான் இருந்தது! மதிப்பை மட்டும் கொடுத்தால் வகையைத் தானே ஊகிக்கும் ஆட்வித்வேல்யூ கொண்டு பாராமீட்டருக்கு மாறினேன், தேதி சரியாகிவிட்டது. நெடுவரிசையையும் புதிய வகையான டேட்டைம்2 ஆக்கினேன். இப்போது வேறொன்று. 'நான் படித்த நேரமே இன்னும் இருந்தால் மட்டும் திருத்து' என்று நிபந்தனை வைத்திருக்கிறேன். யாருமே தொடாத பதிவுக்கும் 0 வரிசைகள் திருத்தப்பட்டன என்கிறது, பிழைச் செய்தியும் இல்லை.

பழைய அட்டவணை:
ஆட்வித்வேல்யூ செய்யும் வேலை. நேரத்தைக் கொடுத்தால் அது பழைய டேட்டைம் என்றே ஊகித்து அனுப்பும். பழைய வகை ஒரு நொடியை 300 பங்காகத்தான் பிரிக்கும். மில்லிநொடி 0, 3, 7 என்றே முடியும். டேட்டைம்2 நொடியை 7 தசம இடம் வரை வைத்திருக்கும். சர்வரில் 14:30:05.1234567 இருக்க, உங்களுடையது 14:30:05.123 என்று போய் நிற்கிறது. சமமில்லை என்று சர்வர் சொல்வது நியாயந்தானே? பாராமீட்டரின் வகை டேட்டைம்2 என்று நீங்களே குறித்துக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், ஒரே பதிவை இருவர் திருத்தும் மோதலைக் கண்டுபிடிக்க நேரத்தை நம்பவே மாட்டேன். ரோவெர்ஷன் நெடுவரிசை ஒன்று சேருங்கள்: 8 பைட், வரிசையைத் திருத்தும்போதெல்லாம் சர்வரே மாற்றிவிடும். திருத்திய நேரத்தையும் பயனர் கணினியின் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், சர்வரின் யூடிசி (உலகப் பொது) நேரத்தைத் தரும் சிஸ்யூடிசிடேட்டைம் போட்டுச் சர்வரையே நிரப்பச் சொல்லுங்கள்.

புதுநிரலன்:
வகையைக் குறித்ததும் 1 வரிசை என்று வந்துவிட்டது, நன்றி ஐயா. ஏற்கெனவே புரண்டு கிடக்கும் பதிவுகளை என்ன செய்வது?

பழைய அட்டவணை:
அந்த லாகின் வழியாக இப்படி ஏறியவை எல்லாமே நாளும் மாதமும் இடம் மாறியவைதான். 13 முதல் உள்ளவை ஏறவே இல்லையே. முதலில் பேக்கப் எடுத்துவிட்டு, இரண்டையும் இடம் மாற்றி ஒரே அப்டேட்டில் முடித்துவிடுங்கள். முற்பகலா பிற்பகலா என்பது மட்டும் திரும்பாது, அந்தத் தகவல் சேமிக்கப்படவே இல்லை.