மரியா கேரியின் 19 முதலிடங்கள்: இந்த எண்ணிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

கேட்டவர்: பழைய கேசட்

அனைவருக்கும் வணக்கம். மரியா கேரியின் ஆல்பங்களை 1990இல் வந்த முதல் தொகுப்பிலிருந்து ஆண்டு வரிசையில் கேட்டுக்கொண்டு வருகிறேன். அவரைப் பற்றி எங்கே படித்தாலும், அமெரிக்காவின் வாராந்திரப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அவருடைய 19 பாடல்கள் முதலிடம் பிடித்தன என்றும், 20 பாடல்களுடன் பீட்டில்ஸ் குழு மட்டுமே அவருக்கு முன்னால் நிற்கிறது என்றும் தவறாமல் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பாடல் பாடலாகச் சரிபார்க்கத் தொடங்கியதும் எனக்குக் குழப்பம் வந்துவிட்டது.

1994இல் வெளியான "ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்மஸ் இஸ் யூ" 2019இல்தான் முதலிடத்துக்கு வந்திருக்கிறது. 1997ஆம் ஆண்டின் "பட்டர்ஃப்ளை", அந்த ஆல்பத்துக்கே பெயர் தந்த பாடலாக இருந்தும், ஹாட் 100இல் தென்படவே இல்லை. 16 வாரங்கள் முதலிடத்தில் நின்ற "ஒன் ஸ்வீட் டே"யும், ஒரே ஒரு வாரம் இருந்துவிட்டுப் போன "தேங்க் காட் ஐ ஃபவுண்ட் யூ"வும் கணக்கில் ஆளுக்கு ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. அப்படியானால் இந்த 19 என்ற எண் எதைத்தான் அளக்கிறது? பாடகியின் செல்வாக்கையா, இசை நிறுவனத்தின் விற்பனைச் சாமர்த்தியத்தையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: வானொலி நேயர்

நண்பரே, ஹாட் 100 எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைப் பார்த்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். அந்தப் பட்டியலின் பெயர் மாறவில்லையே தவிர, அதன் உள்ளே இருக்கும் கணக்கு பல முறை மாறியிருக்கிறது. மரியா கேரியின் இசை வாழ்க்கை அந்த மாற்றங்கள் எல்லாவற்றின் ஊடாகவும் நீண்டு செல்வதால்தான் அவருடைய பட்டியல் இவ்வளவு விசித்திரமாகத் தெரிகிறது.

அவர் வந்த காலத்தில் கடைக்காரர்களும் வானொலி நிலையத்தாரும் தங்களிடம் எந்தெந்தப் பாடல்கள் முன்னிலையில் இருக்கின்றன என்று தாங்களே வரிசைப்படுத்தித் தெரிவிப்பார்கள். அந்த அறிக்கைகளைத் தொகுத்துத்தான் தரவரிசை உருவானது. "விஷன் ஆஃப் லவ்", "லவ் டேக்ஸ் டைம்", "சம்டே", "ஐ டோன்ட் வான்னா க்ரை", "எமோஷன்ஸ்" என்று அவருடைய முதல் ஐந்து தனிப்பாடல்களும் (ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனியாக வெளியிடும் பாடல்கள்) ஒன்று தவறாமல் முதலிடம் பெற்றன. ஐந்துமே இந்தப் பழைய முறையின் கீழ் நடந்தவை. 1991 நவம்பர் இறுதியில்தான் கடையில் பார்கோடு வழியாகப் பதிவாகும் உண்மையான விற்பனையையும், கருவிகள் மூலம் கண்காணிக்கப்பட்ட வானொலி ஒலிபரப்பையும் கொண்டு ஹாட் 100ஐக் கணக்கிடத் தொடங்கினார்கள்.

பழைய முறையில் ஒரு பாடல் படிப்படியாகவே மேலே ஏறும். புதிய முறை வந்த பிறகு, நுழையும் வாரத்திலேயே முதலிடத்தைப் பிடிக்க முடியும் என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. பாடலைச் சில வாரங்கள் முன்னதாகவே வானொலிக்குக் கொடுத்துவிட்டு, கடைகளுக்கு அனுப்பாமல் வைத்திருப்பார்கள். கேட்டுக் கேட்டு ஆவல் சேர்ந்த நேயர்கள் எல்லோரும் விற்பனை தொடங்கிய முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவார்கள். 1995இல் மைக்கேல் ஜாக்சனின் "யூ ஆர் நாட் அலோன்" முதன்முதலாக இப்படி நுழைந்த வாரத்திலேயே முதலிடம் பெற்றது. அடுத்த சில வாரங்களில் மரியாவின் "ஃபேன்டசி" அதே சாதனையைச் செய்தது. பெண் பாடகர் ஒருவருக்கு அது நிகழ்ந்தது அதுவே முதல் முறை. பாய்ஸ் டூ மென் குழுவுடன் அவர் பாடிய "ஒன் ஸ்வீட் டே", 1997இல் வந்த "ஹனி" ஆகியவையும் அதே வழியில் நுழைந்தவைதான்.

இனி "பட்டர்ஃப்ளை". 1998 டிசம்பர் வரை, கடையில் தனிப்பாடலாக விற்பனைக்கு வராத எந்தப் பாடலுக்கும் ஹாட் 100இல் இடம் கிடையாது. வானொலியில் நாள் முழுக்க ஒலித்தாலும் பயனில்லை. ஒரே பாடலுக்காக முழு ஆல்பத்தையும் வாங்கட்டும் என்று நிறுவனங்கள் தனிப்பாடலை வெளியிடாமல் விட்ட காலம் அது. நோ டவுட் குழுவின் "டோன்ட் ஸ்பீக்" வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100இல் ஒரு நாளும் இடம்பெறாமல் போனதற்குக் காரணம் இதுவே. "பட்டர்ஃப்ளை"க்கும் அமெரிக்கக் கடைகளில் தனிப்பாடல் வெளியீடு இல்லை.

கிறிஸ்மஸ் பாடலும் இதே விதியில்தான் முதலில் மாட்டியது. 1994இல் அமெரிக்காவில் அது தனிப்பாடலாக விற்கப்படவில்லை. பிரிட்டனில் விற்கப்பட்டதால் அங்கே அதே ஆண்டு இரண்டாம் இடம் வரை சென்றது. விதி தளர்ந்த பின், 2000 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் 83ஆம் இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. அதன் பிறகு, பழைய பாடல்கள் பட்டியலுக்குத் திரும்புவதைத் தடுத்த விதி குறுக்கே நின்றது. 2012இல் அந்த விதி தளர்த்தப்பட்டு, ஸ்ட்ரீமிங்கும் (இணையத்தில் நேரடியாகக் கேட்பது) கணக்கில் முழுமையாகச் சேர்ந்தபோது நிலைமை தலைகீழானது. ஏனென்றால் ஸ்ட்ரீமிங்கில் ஏற்கெனவே வாங்கிய பாடலை மறுபடி கேட்பதும் எண்ணப்படுகிறது. 1994இல் கேசட் வாங்கியவர் அதை ஆயிரம் முறை போட்டுக் கேட்டிருந்தாலும் அது பட்டியலுக்குத் தெரிந்திருக்காது. 2017இல் முதல் பத்துக்குள், 2018இல் மூன்றாம் இடம், 2019 டிசம்பரில் முதலிடம் என்று பாடல் ஏறியது.

பதில்: கறாரான காது

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் நிறுவனத்தின் பங்கை அவர் சற்று மென்மையாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். தொண்ணூறுகளில் தனிப்பாடல்களின் விலையைக் குறைத்து, விற்பனை எண்ணிக்கையை உயர்த்தி, தரவரிசையில் ஏற்றுவது பரவலான வழக்கம். மரியா கேரிக்குப் பின்னால் இருந்தது சோனியின் கொலம்பியா நிறுவனம். சோனி மியூசிக்கின் தலைவராக இருந்த டாமி மோட்டோலா 1993இல் அவரை மணந்தவர். இவ்வளவு பலம் எத்தனை பாடகர்களுக்கு வாய்க்கும்?

தொண்ணூறுகளின் ஒவ்வோர் ஆண்டிலும் முதலிடத்தில் இருந்த ஒரே கலைஞர் என்ற பெருமையையும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 1994இல் அவருடைய புதிய பாடல் எதுவும் முதலிடத்துக்கு வரவில்லை. 1993 கிறிஸ்மஸ் வாரத்தில் மேலேறிய "ஹீரோ" ஜனவரியிலும் அங்கேயே இருந்ததால் அந்த ஆண்டும் கணக்கில் சேர்ந்துவிட்டது. நான்கு பத்தாண்டுகளில் முதலிடம் பெற்றவர் என்ற பட்டமும் அப்படியே: 2020 ஜனவரி 4 தேதியிட்ட பட்டியலில் கிறிஸ்மஸ் பாடல் இன்னும் முதலிடத்தில் இருந்தது, அவ்வளவுதான். சாதனைப் பட்டியல் எழுதுகிறவர்களுக்கு நாட்காட்டி செய்யும் உபகாரம் என்று இதைச் சொல்லலாம்.

பதில்: மூன்றாம் ஸ்தாயி

விலைக்குறைப்பும் நிறுவன பலமும் மட்டுமே முதலிடத்தை வாங்கித் தரும் என்றால் "லவர்பாய்" பாடலுக்கு நடந்ததை விளக்க முடியாது. 2001இல் மரியா சோனியை விட்டு விலகி, பெருந்தொகை ஒப்பந்தத்துடன் வர்ஜின் நிறுவனத்துக்குச் சென்றார். "கிளிட்டர்" படத்தின் முதல் தனிப்பாடலான "லவர்பாய்" வானொலியில் எடுபடவில்லை. விலையை 99 சென்ட்டாகக் குறைத்ததும் 60ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் 2ஆம் இடத்துக்கு வந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற தனிப்பாடலும் அதுதான். இருந்தும் முதலிடம் கிட்டவில்லை. படத்தின் இசைத்தொகுப்போ 2001 செப்டம்பர் 11 அன்று வெளியானது. அடுத்த ஜனவரியில் வர்ஜின் 2.8 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 2000 பிப்ரவரிக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு ஒரு முதலிடம்கூட இல்லை.

திரும்பி வந்தது 2005இல், "வி பிலாங் டுகெதர்" பாடலுடன். அப்போது மோட்டோலாவும் இல்லை, சோனியும் இல்லை. இசைத் தயாரிப்பாளர் ஜெர்மைன் டுப்ரியுடன் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பாடலைப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். பியானோவில் ஒரு சிறிய வரி திரும்பத் திரும்ப வருகிறது. தாளம் மெலிதாகப் பின்னால் ஓடுகிறது. முதல் பகுதியில் ஏறக்குறையப் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் தொடங்குகிறார். இரண்டாவது பகுதியில் சொற்கள் நெருக்கமாகி, மூச்சுக்கு இடமில்லாமல் ராப் பாடகரின் வேகத்தில் விழுகின்றன. வானொலியில் ஒலிக்கும் பழைய பாடல்கள் மனத்தைப் புண்படுத்துகின்றன, நிலையத்தை மாற்றுகிறேன் என்று அவர் பாடுவது அங்கேதான். கடைசிச் சுற்றில் அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடுகிறார். பதினைந்து ஆண்டுகளாக எல்லோரும் எதிர்பார்த்த அந்த உச்சக் குரலை அதுவரை அடக்கி வைத்திருந்ததில்தான் பாடலின் சாமர்த்தியம் இருக்கிறது. 14 வாரங்கள் முதலிடம். இரண்டாயிரங்களின் முதல் பத்தாண்டுக்கான பில்போர்டின் மொத்தக் கணக்கிலும் அதுவே முதல் பாடல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 19 பாடல்களில் 18 அவர் எழுதியவை அல்லது சேர்ந்து எழுதியவை. 1992இல் எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சியில் பாடிய "ஐ'ல் பி தேர்" மட்டுமே ஜாக்சன் 5 குழுவின் பழைய பாடல். "லவ் டேக்ஸ் டைம்" இரண்டாவது ஆல்பத்துக்காக எழுதப்பட்டது. அதைக் கேட்ட நிறுவனத்தார், அச்சுக்குப் போய்க்கொண்டிருந்த முதல் ஆல்பத்திலேயே சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அவசரத்தில் முதலில் வந்த பிரதிகள் சிலவற்றின் உறையில் அந்தப் பாடலின் பெயரே அச்சாகவில்லை. இங்கே நிறுவனம் தன் மூக்கை நுழைத்தது உண்மைதான். ஆனால் நுழைக்கும்படியான பாடல் கையில் இருந்தது.

கேட்டவர்: பழைய கேசட்

மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு துணைக் கேள்வி. 2008இல் "டச் மை பாடி" அவருடைய 18ஆவது முதலிடமாக வந்தபோது எல்விஸ் பிரெஸ்லியை முந்திவிட்டார் என்று எழுதினார்கள். இத்தனை முறை கணக்கு மாறியிருக்கும் நிலையில் அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டா?

பதில்: வானொலி நேயர்

மிகக் குறைவாகவே உண்டு. ஹாட் 100 தொடங்கியதே 1958 ஆகஸ்டில்தான். எல்விஸின் பெரும் வெற்றிகளில் பல அதற்கு முந்தையவை. அவருக்குச் சொல்லப்படும் எண்ணிக்கை பில்போர்டின் பழைய பட்டியல்களையும் சேர்த்தது. ஹாட் 100 என்று கறாராக எடுத்தால் எல்விஸுக்கு ஏழு முதலிடங்களே. "டச் மை பாடி"யோ இணையத்தில் பதிவிறக்கிய விற்பனையின் வேகத்தில் 15ஆம் இடத்திலிருந்து நேராக முதலிடத்துக்கு வந்தது. எல்விஸ் காலத்தில் அதற்கு இணையான வாய்ப்பே இல்லை. பீட்டில்ஸ் தங்கள் இருபதையும் 1964 முதல் 1970 வரையிலான காலத்துக்குள் முடித்துவிட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் ஆண்டு வரிசையில் கேட்டுவருவதால் ஓர் ஆலோசனை. 1998 வரையிலான பாடல்களுக்கு ஹாட் 100உடன் வானொலி ஒலிபரப்புப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "பட்டர்ஃப்ளை" அதில் 16ஆம் இடம் வரை வந்திருக்கிறது. ஆல்பங்களுக்கு பில்போர்டு 200 பட்டியல் தனியாக உள்ளது: முதல் ஆல்பம் 1991இல் தொடர்ந்து 11 வாரங்கள் அதன் உச்சியில் இருந்தது. "மியூசிக் பாக்ஸ்", "டேடிரீம்" இரண்டும் அமெரிக்காவில் தலா ஒரு கோடிக்கான வைரச் சான்றிதழ் பெற்றவை. கிறிஸ்மஸ் பாடலின் 25 ஆண்டுக் காத்திருப்பு பெரிதாகத் தோன்றினால், 1958இல் வந்த பிரெண்டா லீயின் "ராக்கின் அரவுண்ட் த கிறிஸ்மஸ் ட்ரீ" முதலிடம் பெற்றது 2023 டிசம்பரில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.