லண்டனில் வாடகைக் கார்: ஓட்டியவர்கள் சொல்வது

சென்னையிலிருந்து:

லண்டன் போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம லைசென்ஸ் அங்கே செல்லுமா?" செல்லும். இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் 12 மாதம் வரை சாதாரணக் கார் ஓட்டலாம். சில வாடகை நிறுவனங்கள் மட்டும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்பதுண்டு. புக் செய்யும்போதே அதைப் பார்த்துக்கொண்டு, தேவையென்றால் ஆர்.டி.ஓ.வில் வாங்கிவிடுங்கள். இன்னொன்று, ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். முன்பணமாக ஒரு பெரிய தொகையை அதில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு மட்டும் கொண்டுபோய் நின்றால் பல இடங்களில் சாவி கிடைக்காது.

ஸ்டியரிங் வலது பக்கம், போவது சாலையின் இடது பக்கம். அதனால் நமக்குச் சுலபம் என்பார்கள். அமெரிக்காவோடு ஒப்பிட்டால் சுலபம்தான். ஆனால் கை பழகியிருப்பதாலேயே ஊர்ப் பழக்கமும் கூடவே வந்துவிடும், அங்கேதான் கவனம் வேண்டும். சிவப்பு விளக்கு எரியும்போது இடது பக்கம் திரும்புவது, அதாவது நம் 'ஃப்ரீ லெஃப்ட்', அங்கே அறவே கிடையாது. ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மூக்கை நுழைத்தவருக்கு முதல் உரிமை என்ற கணக்கு அங்கே இல்லை. நம் ஊரில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை மினுக்கினால் "நான் வருகிறேன், ஒதுங்கு" என்று அர்த்தம். அங்கே பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்று அர்த்தம். குறுகலான தெருக்களில் இரு பக்கமும் கார் நிறுத்தியிருப்பார்கள், நடுவில் ஒரு வண்டிதான் போக முடியும். அங்கே இந்த மினுக்கலும், கை தூக்கி நன்றி சொல்வதும்தான் போக்குவரத்தையே நடத்துகிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு உருண்டை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் அது ஜீப்ரா கிராஸிங். 1930-களில் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஹோர்-பெலிஷாவின் பெயரால் இன்றும் அதை பெலிஷா பீக்கன் என்கிறார்கள். ஒருவர் காலெடுத்து வைத்துவிட்டால் நின்றே ஆக வேண்டும். கடப்பதற்காகக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும் என்று 2022-ல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். நம் ஊரில் வயதானவர்கள் சாலையைக் கடக்கப் படும் பாட்டை நினைத்தால், இந்த ஒரு விதிக்காகவே அந்த ஊரைக் கும்பிடத் தோன்றுகிறது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லண்டனின் மையப்பகுதிக்குள் காரை ஓட்டாதீர்கள். திறமை போதாது என்பதற்காகச் சொல்லவில்லை, செலவுக்காகச் சொல்கிறேன். அங்கே சுங்கச்சாவடி கிடையாது, தடுப்புக் கம்பி கிடையாது, கைகாட்டி நிறுத்தும் போலீஸும் கிடையாது. சாலையோரம் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளையாக 'சி' எழுத்துப் போட்ட பலகை இருக்கும். அதைத் தாண்டினால் நெரிசல் கட்டணம். 2003-ல் தொடங்கிய திட்டம் இது. 2026 ஜனவரியிலிருந்து ஒரு நாளைக்கு 18 பவுண்டு. வார நாட்களில் காலை 7 முதல் மாலை 6 வரை, சனி ஞாயிறில் நண்பகல் முதல் மாலை 6 வரை. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பணம் கட்ட வேண்டியது நம் பொறுப்பு. அன்றே இணையத்தில் கட்டிவிடுவது நல்லது. விட்டுவிட்டால் அபராதம் 180 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. வாடகைக் காராக இருந்தால் நோட்டீஸ் முதலில் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு நிர்வாகக் கட்டணத்தைச் சேர்த்து நம் கார்டிலிருந்து எடுப்பார்கள். ஊர் திரும்பி வாரக்கணக்கான பிறகு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்.

மின்சாரக் கார் எடுத்தால் இந்தக் கட்டணம் இல்லை என்று பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும். நம்ப வேண்டாம், அந்த முழு விலக்கு 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. யூலெஸ் என்கிற புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி தனி. 2023 ஆகஸ்ட் முதல் அது லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் உண்டு, புகை அளவில் தேறாத வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. வாடகைக் கார்கள் பெரும்பாலும் புதியவை என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பிரிட்டிஷ் மியூசியம், வெஸ்ட்மின்ஸ்டர், கோவென்ட் கார்டன் எல்லாமே நெரிசல் கட்டணப் பகுதிக்குள்தான். அங்கெல்லாம் சுரங்க ரயிலில் போவதே சுகம். கார் வேண்டியது ஊருக்கு வெளியே போகத்தான். ஸ்டோன்ஹெஞ்ச், காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள் போன்ற இடங்களுக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் மாறி மாறிப் போவதற்குள் பாதி நாள் போய்விடும். காரில் போனால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பெற்றோரை அலைக்கழிக்காமல் கூட்டிப்போகலாம். நாங்கள் ஆக்ஸ்போர்டிலிருந்து திரும்பும்போது ஹில்லிங்டன் ரயில் நிலையத்தில் காரை நிறுத்தினோம். ஏ40 சாலையை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து ரயிலேறினோம், மையப்பகுதியில் பார்க்கிங் தேடும் தலைவலியே இல்லை.

நெடுஞ்சாலையில் வேகம் மைலில் இருக்கும். 70 மைல் என்றால் சுமார் 112 கிலோமீட்டர். லண்டன் தெருக்களில் பல இடங்களில் 20 மைல்தான், அதாவது வெறும் 32 கிலோமீட்டர். எம்25 சுற்றுச்சாலையில் தலைக்கு மேலே பலகையில் வேக வரம்பு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு தடத்துக்கு மேல் சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால் அந்தத் தடம் மூடியிருக்கிறது, உடனே மாறிவிட வேண்டும்.

ஹாரோவிலிருந்து:

அண்ணா சொன்னது முழுக்கச் சரி. நான் யாழ்ப்பாணம், இங்கே லண்டனில் கனகாலம். ஊரிலிருந்து வாற சொந்தக்காரருக்கு நான் முதலில் சொல்வது, ஹீத்ரோவில் இறங்கின கையோடு கார் எடுக்க வேண்டாம் என்பதுதான். இரவு முழுக்க நித்திரை இல்லாமல் வந்து, தெரியாத வண்டியை, தெரியாத ரோட்டில், மழைக்குள் எடுக்கிறது ஆபத்து. விமான நிலையத்திலிருந்து எலிசபெத் லைன், பிக்கடில்லி லைன் இரண்டும் இருக்கு. இரண்டு இரவு நல்லாய்ப் படுத்தெழும்பிவிட்டு, வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கிளையில் எடுங்கோ. கியர் வண்டி மலிவுதான், ஆனால் புது ஊரில் ஆட்டோமேட்டிக்தான் நிம்மதி.

சொந்தக்காரர் வீட்டு வாசலில் காரை விடலாம் என்று நினைத்து வருவார்கள். பல தெருக்களில் அங்கே வசிப்பவர்களுக்குத்தான் பார்க்கிங் பெர்மிட். விருந்தினர் பெர்மிட் வீட்டுக்காரர்தான் கவுன்சில் இணையதளத்தில் எடுத்துத் தர வேண்டும், வருவதற்கு முந்தியே கேட்டு வையுங்கோ. வெம்ப்ளி ஈலிங் ரோட்டுக்குப் புடவை, மரக்கறி வாங்கப் போகிறவர்கள் அன்றைக்கு ஸ்டேடியத்தில் மேட்ச் ஏதும் இருக்கா என்று பார்த்துவிட்டுப் போங்கோ. அப்படியான நாளில் சுற்றுவட்டாரத் தெருக்களில் வழமையாக விடுகிற இடத்திலும் விட ஏலாது.

மஞ்சள் இரட்டைக் கோடு இருந்தால் ஆளை இறக்கிவிட ஒரு நிமிசம் நிற்கலாம். சிவப்பு இரட்டைக் கோடு என்றால் அதுவும் கூடாது.

கோயம்புத்தூரிலிருந்து:

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். இடது முன் சக்கரத்தின் ரிம்மில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கவுண்டரில் இருந்தவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எடுக்கும்போது கொடுத்த படிவத்தில் அது இல்லை, பழுதுச் செலவு உங்களுடையது என்றார். என் மனைவி போனை எடுத்து, காரை எடுத்த அன்று அதே இடத்தில் பிடித்த வீடியோவைக் காட்டினார். நான்கு சக்கரமும் கிட்டத்தில், அதே கீறல், தேதி நேரத்தோடு. அவர் மேலாளரைக் கூப்பிட்டார், இருவரும் வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்கள், பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த வீடியோ இல்லாவிட்டால் நாங்கள் பேசுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. கார் எடுக்கும்போது பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் சரி, சக்கரம், கண்ணாடி, கூரை, பம்பரின் அடிப்பகுதி, பெட்ரோல் முள், ஓடிய மைல் கணக்கு எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். படிவத்தில் விட்டுப்போன கீறலை அப்போதே எழுதச் சொல்லுங்கள்.

குழந்தையோடு போகிறவர்களுக்கு: 12 வயது ஆகும்வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வரும்வரை, அதற்குரிய கார் சீட் சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொள்வது நடக்காது. நிறுவனத்தில் நாள் வாடகைக்குக் கிடைக்கும், முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து:

கிழக்கு லண்டனில் தங்குகிறவர்களுக்கு ஒரு சேர்க்கை. கான்டர்பரி, டோவர் பக்கம் போக டார்ட்ஃபோர்டில் தேம்ஸைக் கடப்பீர்கள். அங்கேயும் சாவடி இல்லை, கேமரா மட்டும்தான். கட்டணம் 3.50 பவுண்டு, மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். பிளாக்வால், சில்வர்டவுன் சுரங்கப்பாதைகளுக்கும் 2025 ஏப்ரலிலிருந்து கட்டணம் வந்துவிட்டது, நெரிசல் நேரத்தில் 4 பவுண்டு, மற்ற நேரத்தில் 1.50. மூன்றிலுமே இரவு 10 முதல் காலை 6 வரை இலவசம். இவை நெரிசல் கட்டணத்தில் சேராது, தனித்தனி. சிலவற்றை வாடகை நிறுவனமே கட்டிவிட்டுப் பிறகு நம்மிடம் வசூலிக்கும், சிலவற்றை நாம்தான் கட்ட வேண்டும். சாவி வாங்கும்போதே எது யார் பொறுப்பு என்று கேட்டு, ஒப்பந்தத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். இருவரும் கட்டிவிட்டால் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.