கரிசல் மண்ணில் கல் தளம்: அடியில் என்ன போடலாம்?

வணக்கம். கோவில்பட்டியில் வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் உட்கார 10க்கு 12 அடியில் கல் தளம் போட வேண்டும். மண் சுத்தக் கரிசல். மழைக்கு உப்பும், கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். முன்பு மண்மேல் நேரடியாகக் கலவை போட்டுப் பதித்த கடப்பா கல் இரண்டே வருடத்தில் ஆடிப்போச்சு. ஒரு மூலையை மிதித்தால் எதிர் மூலை தூக்குகிறது.

4 அங்குலம் ஜல்லி கான்கிரீட் போதும் என்கிறார் கொத்தனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒன்றரை அடி கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தால் நிற்குமா? கரிசலில் போட்டவர்கள் ஆழம் சொல்லுங்கள்.

அப்புறம் கல். கடப்பா கருப்பு, மதிய வெயிலில் கால் வைக்க முடியாது. பாலிஷ் போடாத மஞ்சள் தாண்டூர் சுண்ணாம்புக்கல் தாங்குமா? சொரசொரப்பான கிரானைட் வழுக்காது, விலைதான் இடிக்கிறது.

மழைத்தண்ணீர் வடிய வாட்டம் (சரிவு) எவ்வளவு வைத்தீர்கள்?