ஓர்க் என்னைச் சுற்றிக்கொண்டு போய் விஸார்டை அடிக்கிறது: எனக்கு ஒரு வெட்டுகூடக் கிடையாதா?

முன்வரிசை:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாக மேசையில் ஆடும் கற்பனை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். நான் முதல் லெவல் ஃபைட்டர், அதாவது போர்வீரன். கையில் நீள்வாள், கேடயம். எங்கள் விஸார்டுக்கு (மந்திரவாதி) ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, 7தான், அதனால் எனக்கு நேர் பின்னால், ஒரே ஒரு கட்டம் இடைவெளி விட்டு நிற்கச் சொன்னோம். எனக்கு எதிரே நின்ற ஓர்க் (அரக்க எதிரி), தன் முறை வந்ததும் என் பக்கவாட்டில் என்னை ஒட்டியே வந்து, அந்தக் காலிக் கட்டத்தில் நின்று விஸார்டைக் கோடாலியால் ஒரே போடு. ஆள் சாய்ந்துவிட்டார்.

நான் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கேட்டேன், அதாவது விலகிப் போகும் எதிரியை என் முறை வராமலே வெட்டும் வாய்ப்பு. கிடையாது என்றார் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). கண் முன்னால் என்னைக் கடந்து போகிறதே, அப்போதும் கிடையாதா? அப்படியானால் ஃபைட்டர் முன்னால் நிற்பதில் என்ன பயன்?

ஐந்தடிக்கட்டம்:
டிஎம் சொன்னது சரி. எதிரி உங்கள் எட்டும் தூரத்தை விட்டு வெளியே போகும் அந்த நொடியில்தான் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் வரும். நீள்வாளுக்கு எட்டும் தூரம் 5 அடி, அதாவது உங்களைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்கள். அந்த எட்டுக்குள் ஓர்க் எத்தனை சுற்று சுற்றினாலும் நீங்கள் வெட்ட முடியாது.

உங்கள் சண்டையைக் கிரிட்டில் வைத்துப் பாருங்கள். ஓர்க் உங்கள் முன்னால். அங்கிருந்து குறுக்காக ஒரு கட்டம் வைத்தால் உங்கள் வலப்பக்கம். இன்னொரு குறுக்கு, உங்கள் முதுகுப்பக்கம். மொத்தம் 10 அடிதான் நடந்திருக்கிறது, அதன் வேகமோ 30. இப்போது அது நிற்கும் கட்டம் உங்களையும் தொடுகிறது, விஸார்டையும் தொடுகிறது. உங்கள் எட்டும் தூரத்தை அது விடவே இல்லை. விஸார்ட் உங்கள் முதுகில் ஒட்டி நின்றிருந்தாலும் இதே கதைதான்.

அதே விஸார்ட் இன்னும் ஒரு கட்டம் பின்னால், உங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு கட்டம் காலியாக இருக்கும்படி நின்றிருந்தால்? அவரைத் தொட ஓர்க் மூன்றாவது கட்டம் வைத்தாக வேண்டும். அந்தக் கட்டம் உங்கள் எட்டுக்கு வெளியே. அங்கே உங்களுக்கு வெட்டு கிடைக்கும். அதைத் தவிர்க்க ஓர்க் டிஸ்எங்கேஜ் (வெட்டு வாங்காமல் விலகுவது) எடுக்கலாம், ஆனால் அது ஒரு ஆக்‌ஷன். அந்த முறையில் விஸார்டை அடிக்க அதற்கு ஆக்‌ஷன் மிச்சமிருக்காது. வெட்டை வாங்கு, அல்லது அடியை இழ என்று எதிரியை நெருக்குகிறீர்கள் பாருங்கள், ஃபைட்டர் முன்னால் நிற்பதன் பயன் அதுதான். வெட்டு விழுந்தும் ஓர்க் சாகாவிட்டால் விஸார்டுக்கு அடி விழும், அது வேறு விஷயம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த வெட்டுக்குச் செலவாவது ரியாக்‌ஷன், அதாவது அடுத்தவர் முறையில் செய்யும் பதில் செயல். உங்கள் ரியாக்‌ஷன் ஒன்றே ஒன்று. அடுத்து உங்கள் முறை தொடங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். மூன்று ஓர்க் வந்தால் முதலாவது வெட்டு வாங்கும், மற்ற இரண்டும் சும்மா நடந்து போகும். அதனால் திறந்தவெளியில் தனியாக நின்று யாரையும் காப்பாற்ற முடியாது. ஒரு கட்ட அகலக் கதவைப் பிடியுங்கள். 10 அடி நடைபாதை என்றால் குணமாக்கும் கூட்டாளியான கிளெரிக்கைப் பக்கத்தில் நிறுத்துங்கள். உங்கள் கட்டத்துக்குள் புகுந்து போக, எதிரி உங்களைவிட இரண்டு அளவாவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். ஓர்க்குக்கு அது கிடையாது.

மூணரைப்பதிப்பு:
2003இல் வந்த 3.5 பதிப்பில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே மிரட்டப்பட்ட கட்டம், அதாவது உங்கள் ஆயுதம் எட்டும் கட்டம், ஒன்றை விட்டு நகர்ந்தாலே வெட்டு, அடுத்த கட்டமும் உங்கள் எட்டுக்குள் இருந்தாலும் சரி. உங்களைச் சுற்ற முயன்ற ஓர்க் முதல் அடியிலேயே வாங்கியிருக்கும். முன்வரிசை என்றால் முன்வரிசையாக இருந்த காலம் அது. எனக்கு இன்றும் அதுதான் நியாயமான விதி.

ஐந்தடிக்கட்டம்:
முன்வரிசைக்கு 3.5 நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மேசையில் ஆறாம் லெவலுக்கு மேல் யார் நகர்ந்தார்கள்? முழுத் தாக்குதல், அதாவது ஒரே முறையில் பல தாக்குதல், வேண்டுமென்றால் 5 அடிக்கு மேல் அசையக் கூடாது. இரண்டு பேர் ஒட்டிக்கொண்டால் ஒருவர் விழும்வரை அங்கேயேதான். ஐந்தாம் பதிப்பில் அடித்துவிட்டு நகரலாம், நகர்ந்துவிட்டு அடிக்கலாம், இரண்டு தாக்குதலுக்கு நடுவிலும் நடக்கலாம். எனக்கு அந்த ஓட்டம்தான் பிடிக்கும். அதற்குக் கொடுக்கும் விலை, நிற்கும் இடத்தை யோசிக்க வேண்டியிருப்பது.

முன்வரிசை:
நன்றி, கிரிட்டில் காய்களை வைத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அப்படியானால் வாளை விட்டுவிட்டு ஹால்பர்ட் (நீண்ட கம்புக் கோடாலி) எடுக்கட்டுமா? எட்டும் தூரம் 10 அடி, பெரிய வட்டம் கிடைக்குமே. அப்புறம் என் ஃபைட்டிங் ஸ்டைல் (ஃபைட்டர் தேர்ந்தெடுக்கும் சண்டைத் திறன்) ப்ரொடெக்‌ஷன், அதற்கு விஸார்ட் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். நீங்கள் தள்ளி நிற்கச் சொல்கிறீர்கள்.

ஐந்தடிக்கட்டம்:
ஹால்பர்ட் வேண்டாம். வட்டம் பெரிதானால் எதிரி சும்மா சுற்றும் இடமும் பெரிதாகிறது. 10 அடியை விட்டு வெளியே போனால்தான் வெட்டு என்பதால், இரண்டு கட்டம் தள்ளி நிற்கும் விஸார்டையும் ஓர்க் வெட்டு வாங்காமலே தொட்டுவிடும். போல்ஆர்ம் மாஸ்டர் என்ற ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) இருந்தால் எதிரி உள்ளே நுழையும்போதே வெட்டலாம், அப்போது யோசியுங்கள். கேடயத்தையும் கீழே போட வேண்டியிருக்கும், அதோடு ப்ரொடெக்‌ஷனும் போய்விடும்.

ப்ரொடெக்‌ஷன் பற்றி நல்ல கேள்வி. உங்களிடமிருந்து 5 அடிக்குள் நிற்கும் கூட்டாளியைத் தாக்கும் அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) கொடுக்கலாம். அதற்கும் அதே ஒற்றை ரியாக்‌ஷன்தான். ஆக, விஸார்ட் ஒட்டி நின்றால் கேடயம், இரண்டு கட்டம் விலகி நின்றால் வாள். நீங்கள் முதலில் நிறுத்தியது போல நடுவில் ஒரு கட்டம் விட்டால் இரண்டுமே கிடையாது. ஒற்றை எதிரி என்றால் நான் தள்ளி நிறுத்துவேன். அந்த வெட்டில் எதிரியே விழலாம், கேடயத்தால் அது நடக்காது.

நான்காம் லெவலில் உங்கள் டிஎம் ஃபீட் அனுமதித்தால் சென்டினல் எடுங்கள். ஒட்டி நிற்கும் எதிரி வேறு யாரையாவது அடித்தால் ரியாக்‌ஷனில் நீங்கள் வெட்டலாம். ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் பட்டால் எதிரியின் வேகம் அந்த முறை முடியும்வரை 0. டிஸ்எங்கேஜ் எடுத்தாலும் உங்களிடம் செல்லாது.

நிழல்கத்தி:
கோப்ளின் (குட்டி அரக்க எதிரி) வந்தால் இந்த இரண்டு கட்டக் கணக்கு பலிக்காது, அதையும் எழுதி வையுங்கள். நிம்பிள் எஸ்கேப் என்ற திறன் இருப்பதால் டிஸ்எங்கேஜை போனஸ் ஆக்‌ஷனில் எடுத்துவிட்டு அதே முறையில் அடிக்கவும் செய்யும். சென்டினல் வரும்வரை அதற்குக் கதவுதான் வழி.

முன்வரிசை:
ஞாயிற்றுக்கிழமை அடுத்த அமர்வு, கோப்ளின் குகை. கிளெரிக்கிடம் சொல்லிவிட்டேன், வாசலில் நானும் அவரும்.